தெர்மாகோல் எரிமலையை செஞ்சது யாருங்க?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

மார்ச் 1-ம் தேதி மாவட்டப் பக்கத்துல அறிவியல் தின கண்காட்சி போட்டோ போட்டிருந்தீங்க. கீழ ஒரு வரி, "தொடக்கப் பள்ளி மாணவர்கள் எரிமலை, ராக்கெட் மாதிரிகளைத் தாங்களே செய்து அசத்தினர்"னு. தாங்களே செஞ்சாங்களாம்! உங்க நிருபர் அங்க நின்ன அம்மாக்கள்ல ஒருத்தரைக் கேட்டிருந்தா போதும், ராத்திரி பன்னெண்டு மணிக்கு தெர்மாகோல் வெட்டினது யாரு, ஸ்டேஷனரி கடையில ரெடிமேடா வாங்கினது யாருன்னு சொல்லியிருப்போம். சோடா மாவுல வினிகர் ஊத்துனா ஏன் பொங்குதுன்னு நானே ஒரு பையன்கிட்ட கேட்டேன், "எரிமலைன்னா பொங்கும் ஆன்ட்டி"ங்கறான். அவன் மேல தப்பில்லைங்க, எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கறான்.

என் பொண்ணு நாலாவது படிக்கிறா. அந்தக் கண்காட்சிக்காக அவளா யோசிச்சு ரெண்டு கொட்டாங்குச்சியில பச்சைப்பயறு போட்டா, ஒண்ணு ஜன்னல்ல, ஒண்ணு பீரோவுக்குள்ள, தினமும் ஸ்கேல் வெச்சு அளந்து நோட்டுல எழுதுனா. பீரோவுக்குள்ள இருந்ததுதான் மடமடன்னு உசரமா வந்துச்சு, ஆனா வெளுத்துப்போய் நிக்க தெம்பில்லாம சாய்ஞ்சுது. வெளிச்சத்தைத் தேடி தண்டு மட்டும் நீளும், இலையில பச்சையம் வராது, உங்களுக்குத் தெரியாததில்ல. ஸ்கூல்ல என்ன சொன்னாங்க தெரியுமா, "வெளிச்சத்துலதான் செடி நல்லா வளரும்னு புக்ல இருக்கு, உனக்கு தப்பா வந்திருக்கு, லைட் எரியற மாதிரி ஏதாவது மாடல் கொண்டு வா". அந்த நோட்டைத் திறந்துகூட பாக்கலைங்க.

கடல் ஏன் நீலமா இருக்குன்னு கப்பல்ல வர்றப்ப யோசிச்ச மனுஷன் சர் சி.வி. ராமன், ஒளி சிதறுறப்ப அதோட நிறம் கொஞ்சம் மாறுதுங்கற ராமன் விளைவை அவர் 1928 பிப்ரவரி 28-ல அறிவிச்சதுக்குத்தான் இந்தக் கொண்டாட்டமே. இந்த ஸ்கூல்ல படிச்சிருந்தா "கடல்னா நீலந்தான், உட்காரு"ன்னு முடிச்சிருப்பாங்க.

சரி, கவர்மென்ட் பக்கம் போலாம்னா அங்கயும் எல்லாம் ஆறாவதுல இருந்துதான். அரசுப் பள்ளியில அறிவியல் செஞ்சு காட்டற வானவில் மன்றம் 6 முதல் 8 வரைக்கும், பிள்ளைங்களோட புது யோசனைக்குக் குடுக்கற இன்ஸ்பயர் விருது ஆறாவதுல இருந்து, ஸ்கூல்ல சொந்தமா செஞ்சு பாக்க வெக்கற அடல் லேப் ஆறாவதுல இருந்து, குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு பத்து வயசு ஆகணும். எதைப் பாத்தாலும் ஏன் ஏன்னு கேக்கற வயசு அஞ்சுல இருந்து பத்து, அந்த வயசுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது, ஆறாவது வர்றதுக்குள்ள கேள்வி கேக்கறதையே விட்டுடுதுங்க. என் அக்கா பையன் படிக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சு கிளாஸுக்கு ரெண்டு டீச்சர், அவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஃபீஸ் வாங்கற எங்க ஸ்கூல் என்ன பண்ணுது, ரோபோடிக்ஸ் கிளாஸ்னு தனியா பணம் கட்டச் சொல்லி, டப்பாவுல வர்ற கிட்டை படத்தைப் பாத்து மாட்டி திரும்ப டப்பாவுலயே போட வெக்கறாங்க.

உங்க பேப்பர் மட்டும் என்னங்க? சிறுவர் பக்கத்துல முன்னாடி வீட்டுல செஞ்சு பாக்கற மாதிரி ஏதாவது வரும், எங்கப்பா கத்தரிச்சு ஒட்டி வெப்பார். இப்ப கலர் அடிக்கற படம், பாதிப் பக்கம் அபாகஸ் விளம்பரம். இதைப் பத்தி போன வருஷமும் எழுதினேன், போடலை. பரவாயில்லைங்க, உங்களுக்கு ஆயிரம் வேலை.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியிலயே விழற நாள் நம்ம ஊர்களுக்கு வருஷத்துல ரெண்டு தடவை வருது. கன்னியாகுமரியில ஏப்ரல் ரெண்டாவது வாரம், சென்னையில ஏப்ரல் 24 வாக்குல, அப்புறம் திரும்ப சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்குல வந்து தெக்கே இறங்கும். ஏப்ரல்ல பரீட்சை, லீவுன்னு போயிடும், ஆகஸ்ட்ல ஸ்கூல் இருக்கும். ஒரு குச்சி நட்டா போதும், ஒத்த ரூபா செலவில்ல. எந்த ஊருக்கு எந்தத் தேதி, எத்தனை மணின்னு ஒரு வாரம் முன்னாடியே போடுங்க, முடிஞ்சப்புறம் போட்டோ போட வேண்டாம். ராகு காலம், எமகண்டத்தை தினமும் நிமிஷக் கணக்கா போடறீங்களே, அதுக்குப் பக்கத்துலயே ரெண்டு வரி இடம் குடுத்தா போதும்.

இப்படிக்கு,
நாலாவது படிக்கிற பிள்ளையோட அம்மா,
நாமக்கல்.