உப்பூரா, ஐஸ் பிளான்ட்டா?

அன்புள்ள சேது,

கடிதம் வந்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே கச்சான் காற்று ஓங்கி அடிக்கிறது. மீன் விலையைக் கேட்காதே.

உப்பூர் அனல்மின் நிலையம் வந்திருந்தால் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு விடிவு பிறந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்கு ஒட்டவில்லை. 2021 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்ததைத் தடைக்கல் மாதிரி பேசுகிறாய். இடத்தைப் பார். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். நீராவியைக் குளிர்விக்கிற கண்டென்சருக்குத் தண்ணீர் எடுக்கவும் விடவும் வெகுதூரம் உள்ளே போகணும். வெளிவிடும் நீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சுடக் கூடாது என்பது விதி. ஆழக் கடலில் அந்தச் சூடு கரைந்துவிடும். கடற்புல்லும் இறால் குஞ்சும் இருக்கிற கரையோரத் தண்ணீரில் அப்படியே நிற்கும். 800 மெகாவாட் அலகு இரண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 650, 700 கிராம் நிலக்கரி. பகலில் சூரிய மின்சாரம் பெருகி, இயந்திரத்தைக் குறைத்து ஓட்டச் சொன்னாலும், மின்சாரம் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சூரிய சக்தியிலும் அரசு கெட்டிக்காரத்தனமாக நடக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நம் கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். 2015இல் யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 வருஷ ஒப்பந்தம். 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லா சூரியப் பூங்கா ஏலத்தில் 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. விலை சரிகிற சரக்கை ஏலம் விடாமல் மொத்தமாக நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

சண்டை எத்தனை மெகாவாட் என்பதைப் பற்றியே நடக்கிறது, எந்த நேரத்துக்கு என்பதைப் பற்றி இல்லை. தட்டுப்பாடு பெரும்பாலும் மாலை 6 முதல் 10 வரைக்கும்தான். அந்த நான்கு மணி நேரமும் 100 மெகாவாட் கொடுக்க 400 மெகாவாட்-மணி பேட்டரி வேண்டும். இழப்பைச் சேர்த்தால் பகலில் 470 ஏற்றணும். கமுதி 400 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தை ஒட்டியே அதை வைக்கலாம். புதுக் கோபுரம் வேண்டாம், பகலில் நிரம்பி இரவில் சும்மா கிடக்கிற லைனே போதும்.

பேட்டரி வருமுன் நம் கரையோர ஐஸ் பிளான்ட்டுகளைக் கவனி. ஒரு டன் கட்டிக்கு 50, 60 யூனிட். கட்டி உறைய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும் என்பதால் முழு வேலையையும் பகலுக்கு மாற்ற முடியாது. ஆனால் பகலில் பிரைனை, அதாவது கேன்கள் மூழ்கியிருக்கும் உப்புக் கரைசலை, மைனஸ் 12 டிகிரி வரை இறக்கிவிட்டு, மாலையில் கம்ப்ரஸரை நிறுத்தலாம். கரைசலைச் சுழற்றும் கலக்கியை மட்டும் நிறுத்தக் கூடாது. மூடியைத் திறக்காமல், புது கேன் இறக்காமல் இருந்தால் குளிர் தாங்கும். கெடுவது உப்பில்தான்: அடர்த்தி குறைந்திருந்தால் அவ்வளவு குளிரில் கரைசலைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளின் மேலேயே பனி ஏறி, கம்ப்ரஸர் வீணாய் ஓடும். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை வாரம் ஒருமுறை முக்கிப் பார்க்கணும். 20 சதவீத உப்பு என்றால் மைனஸ் 16 வரை பயமில்லை.

இதில் ஓட்டை உண்டு, நீ சொல்லுமுன் நானே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பிளான்ட்டுகள் படுத்துவிடும். மாநிலத்தின் உச்சத் தேவை வருவதும் அப்போதுதான். 2024 மே 2இல் 20,830 மெகாவாட் போனது. ஆகவே ஐஸ் பிளான்ட் துணைக்குத்தான், பேட்டரி இல்லாமல் தீராது. உப்பூருக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பினால் என்ன?

பிளான்ட் முதலாளிகள் சும்மா அசைய மாட்டார்கள், காசு மிஞ்சினால்தான் அசைவார்கள். வெயில் நேரத்தில் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அடுத்த கட்டணக் கேட்பில் மனு கொடுப்போம் என்று இருக்கிறேன். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதும் நடை உனக்குத்தான் வரும். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று காட்டும் மீட்டரின் லோடு சர்வே தாள்களை இங்கே ஒரு பிளான்ட்டில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் அனுப்புகிறேன், மனுவை நீ எழுது.

அன்புடன்,
முருகேசன்
மண்டபம்