மன அழுத்தத்தோடு நின்றுவிடும் பேச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலம் குறித்துத் தாங்கள் சென்ற மாதம் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். தேர்வுப் பயம், அலுவலக நெருக்கடி, தூக்கமின்மை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். மனம் விட்டுப் பேசுங்கள் என்ற அறிவுரையும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஆனால் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற சொல் அவற்றில் ஓரிடத்தில்கூட இல்லை. அதே இதழின் நகைச்சுவைத் துணுக்கு ஒன்றில் மட்டும் 'கீழ்ப்பாக்கம்' இருந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு, கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்று சொல்லத் தொடங்கினான். வானொலியில் செய்தி வாசித்தவர் தன் பெயரைச் சொன்னதாகச் சாதித்தான். பிறகு அறையைவிட்டு வெளியே வருவதும் நின்றது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் பெரியம்மா. மந்திரிப்பு, தாயத்து எல்லாம் ஆயிற்று. குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், அம்மா அவனோடு தங்கினார். அந்த நாட்களில் அம்மாவுக்குக் கிடைத்த ஆறுதலை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். அங்கு வந்திருந்த குடும்பங்கள் பலவும் அதே துன்பத்தோடு வந்தவை என்பதால், தன் மகனுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் யாரிடமும் மறைக்காமல் பேசிய ஒரே இடம் அதுதான். ஆனால் மனநல மருத்துவர் ஒருவர் முன் அவனைக் கொண்டுபோய் உட்காரவைக்க எங்களுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

அதன் பிறகு எங்கள் வீடு மருத்துவத்துக்கு உழைத்ததைவிட மறைப்பதற்கு உழைத்ததே அதிகம். கும்பகோணத்தில் மருத்துவர் இருந்தும், காத்திருக்கும் இடத்தில் தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறினோம். மாத்திரை அட்டையிலிருந்த பெயரை அப்பா பிளேடால் சுரண்டிவிட்டு அலமாரியில் வைப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் தம்பி திருப்பூரில் வேலை பார்ப்பதாகச் சொன்னோம். அவனோ பின்கட்டில் இருந்தான். விருந்தாளிகள் வந்தால் சத்தம் போடாதே என்று அவனிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. பல ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர் க்ளோசபின் என்ற மாத்திரையைத் தொடங்கியபோது, முதல் 18 வாரங்களுக்கு வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தெரு முனையிலிருந்த பரிசோதனைக் கூடத்தில் தூரத்து உறவினர் ஒருவர் வேலை செய்கிறார் என்பதற்காக, அந்தப் 18 வாரமும் வேறு ஊருக்குப் போய் வந்தோம். வெள்ளையணுக்கள் குறைந்துவிடாமல் கண்காணிக்கும் எளிய பரிசோதனைதான் அது. சர்க்கரை நோய்க்கு யாரும் ஊர்விட்டு ஊர் போய் இரத்தம் கொடுப்பதில்லை.

இத்தனை மறைப்பும் எதற்காக? ஊர் கேலி செய்யும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கல்யாணம். முதலில் என் கல்யாணம், பிறகு என் தங்கையின் கல்யாணம், அதற்கும் பிறகு என் மகளின் கல்யாணம். ஒரு வீட்டில் மனநோய் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்ற அச்சம், எந்தச் சுவரொட்டியாலும் விழிப்புணர்வுப் பேரணியாலும் அசைக்கப்படாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கூச்சம் தானாகக் கரைந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை வரன் பேசும் இடத்தில் வந்து அமர்ந்து பார்க்க வேண்டும்.

2012-இல் என் மகளுக்கு வரன் பார்த்தபோது, இனி மறைப்பதில்லை என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். ஜாதகம் கொடுக்கும்போதே, என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது, இருபது ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறான், எங்களோடுதான் இருக்கிறான் என்று சொன்னோம். பரம்பரையில் வருமா என்று கேட்டவர்களுக்கும் மருத்துவர் சொன்னதை மழுப்பாமல் சொன்னோம்: பொதுவாக நூறு பேரில் சுமார் ஒருவருக்கு இந்நோய் வருகிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது பத்துப் பேர் வரை உயரும், தாய்மாமனுக்கு இருந்தால் மூன்று நான்கு பேர் என்று வையுங்கள். அபாயமே இல்லை என்று சொல்வதும் ஒரு பொய்தான், அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு இடங்களிலிருந்து மறுமொழியே இல்லை. மூன்றாவதாக வந்த அம்மாள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவருடைய அக்காவுக்கும் அதே மாத்திரை. அந்தச் சம்பந்தம் வேறொரு காரணத்தால் கூடிவரவில்லை என்றாலும், அவர் இன்றும் எனக்குத் தொலைபேசியில் பேசுகிறார். அக்காவுக்கு உடல் எடை கூடுவதையும் இரவில் எச்சில் வடிவதையும் பற்றி அவரால் வேறு யாரிடமும் பேச முடிவதில்லை. என் மகளுக்கும் பிறகு எல்லாம் தெரிந்தே வந்த ஓர் இடத்தில் திருமணம் நடந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் நம் கூடத்தைவிட முன்னே போய்விட்டது. வலிப்பு நோய் உள்ளவர்களை விலக்கிவைத்திருந்த சொல்லை 1999-ஆம் ஆண்டிலேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். மனச்சிதைவு என்ற பெயர் மட்டுமே மணவிலக்குக்குப் போதாது, நோயின் அளவைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிதழை அப்பா யார் கண்ணிலும் படாமல் மடித்துப் பரணில் வைத்தார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் காப்பீடு கேட்க வேண்டுமென்றால் படிவத்தில் நோயின் பெயரை எழுத வேண்டுமே. பிளேடால் சுரண்டப்பட்ட பெயரை எப்படி எழுதுவது?

பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் கண்டது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்த மாநிலம்தான். அப்படியானால் தங்கள் இதழின் வாசகர் வீடுகளிலும் பின்கட்டுகள் இருக்கத்தான் செய்யும்.

எனவே தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கொலைச் செய்தியில், மருத்துவர் யாரும் சொல்லாத நிலையில், 'மனநோயாளி வெறிச்செயல்' என்று தலைப்பிடுவதை நிறுத்துங்கள். கீழ்ப்பாக்கத்தை நகைச்சுவையாக்காதீர்கள், 1794-இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக, நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார் என்பதையாவது ஒருமுறை எழுதுங்கள். மூன்றாவதாக, நிபுணர்களின் அறிவுரைகளுக்கு நடுவே, நோயோடு வாழ்கிறவர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் எழுதச் சொல்லுங்கள், நோயின் பெயரோடு. கட்டணமின்றி அழைக்கக்கூடிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் அப்பக்கத்தின் அடியில் அச்சிடலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்பது முரணாகத் தோன்றலாம். என் பெயர் தெரிந்தால் தம்பியின் பெயரும் தெரிந்துவிடும். அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவனுடைய உரிமை. நோயைப் பற்றி எழுது, என் பெயரை மட்டும் விட்டுவிடு என்றான். பதினான்கு ஆண்டுகளாக அவன் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறான். இக்கடிதத்தையும் அவனிடம்தான் கொடுத்தேன். நான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினான். மாத்திரையின் பெயரை நான் தவறாக எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'க்ளோசபின்' என்று எழுதித் தந்தான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.