மஞ்சள் உறைக்குள் ஆரஞ்சு

கோவை

அன்புள்ள சுந்தரம்,

உன் மகள் போன வாரம் வீட்டுக்கு வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். வேண்டாம் வேண்டாம் என்றவளின் பையில் இவள் நார்த்தங்காய் ஊறுகாயைத் திணித்து அனுப்பியிருக்கிறாள், பார்த்து எடு. இங்கே எல்லாரும் நலம். ராஜு பேரன் எடுத்துவிட்டான், குழந்தைக்கு அதே மூக்கு. மற்ற சங்கதிகள் அப்புறம்.

டப்பாவுக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாயே, "எது எந்த அலைவரிசை என்று தெரியவில்லை, உபயோகமில்லை என்றால் குப்பையில் போடு" என்று. உனக்கு எப்படியடா மனசு வந்தது? ஒரு கிழவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, மாதிரி விமானக் கிளப்பை விட்டுப் போகும்போது உன்னிடம் ஒப்படைத்த கிரிஸ்டல்கள், ரேடியோ செட் எந்த அதிர்வெண்ணில் பேசும் என்று தீர்மானிக்கிற சில்லுகள். அதற்கு மேல் இன்னொரு வரி: "ரிசீவர் கிரிஸ்டலில் எழுதியிருக்கும் எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை, எல்லாம் கெட்டுவிட்டது." ஒன்றும் கெடவில்லை. அவை ஒத்துப்போகக் கூடாது.

விமானத்தின் ரிசீவருக்குள் இருக்கும் கிரிஸ்டல், வருகிற சிக்னலின் அதிர்வெண்ணில் அதிர்வதில்லை. அதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அதிரும். இரண்டும் கலந்து வருகிற வித்தியாசத்தைத்தான் ரிசீவர் பெருக்கிப் பிரித்துப் படிக்கிறது. பெரும்பாலும் கீழே தள்ளித்தான் வைப்பார்கள். ஆனால் சேனலுக்கு ஒரு நிறமாக மாட்டும் உறையில் அச்சடிப்பது சேனலின் எண்ணை. மஞ்சள் என்றால் 27.145 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும், கிரிஸ்டல் அதிர்வதோ 26.690-ல். மைதானத்தில் நிற்பவனுக்குக் கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரும் விமானத்திலிருக்கும் ரிசீவரும் ஒரே நிறமா என்று தெரிந்தால் போதும் என்று நினைத்துச் செய்தது.

இதில் ஒரு வசதி இருக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸ் வண்ணங்கள் பழுப்பு 26.995-ல் தொடங்கி நீலம் 27.255 வரை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை எல்லாம் நடுவில், ரெசிஸ்டர் மேல் போடும் வண்ணக் கோடுகளின் அதே வரிசையில். ஒவ்வொன்றிலும் 455-ஐக் கழித்துப் பார். ரிசீவர் கிரிஸ்டல்கள் 26.540-க்கும் 26.800-க்கும் நடுவில் அடங்கிவிடும். டிரான்ஸ்மிட்டர் கிரிஸ்டல் ஒன்றுகூட அந்த இடத்தில் வராது. மை முழுக்க அழிந்து போயிருந்தாலும், அளந்து பார்த்தால் இது எந்தப் பெட்டிக்கு உரியது, எந்த நிறம் என்று இரண்டும் தெரிந்துவிடும். உன் 35 மெகாஹெர்ட்ஸ் செட்டும் அப்படித்தான். டப்பாவில் 24.400 என்று ஒன்று அளந்ததும் முதலில் விழித்தேன். அது இரண்டு முறை கலக்குகிற ரிசீவருக்கானது. அதில் முதல் வித்தியாசம் 455 கிலோஹெர்ட்ஸ் இல்லை, 10.7 மெகாஹெர்ட்ஸ். அதைக் கூட்டினால் 35.100, அதாவது 70-ஆம் சேனல்.

சரி, அளப்பது எப்படி என்று கேட்பாய். நீ செய்தது மாதிரி கிரிஸ்டலை அதிர வைக்கும் சாதாரண ஆசிலேட்டரில் செருகி அதிர்வெண் கவுண்டரில் பார்த்தால் 8.9-க்குப் பக்கத்தில் ஏதோ காட்டும். இந்தக் கிரிஸ்டல்கள் மூன்றாம் ஓவர்டோனில், அதாவது அடிப்படை அதிர்வைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கில் வேலை செய்ய வெட்டப்பட்டவை. டியூன் செய்த கம்பிச்சுருள் இல்லாத ஆசிலேட்டரில் போட்டால் அடிப்படை அதிர்வுக்கு இறங்கிவிடும். அதை மூன்றால் பெருக்கினால் விடை வருமா என்றால், வரும் மாதிரி வரும். ஓவர்டோன் சரியாக மூன்று மடங்கில் நிற்காது, சில கிலோஹெர்ட்ஸாவது விலகும், சிலதில் இன்னும் கூட. ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவே இருப்பதே 50 கிலோஹெர்ட்ஸ்தான். 35-ல் சேனலுக்குச் சேனல் 10-தான். பெருக்கல் கணக்கை நம்பி நிறம் ஒட்டக் கூடாது.

நான் நானோவிஎன்ஏவை எடுத்தேன், எந்த அதிர்வெண்ணில் சிக்னல் எவ்வளவு தாண்டுகிறது என்று திரையில் வரைந்து காட்டுகிற கருவி. கிரிஸ்டலை இரண்டு போர்ட்டுக்கும் நடுவே தொடராக இணைத்தால், அது ஒத்ததிரும் இடத்தில் மட்டும் சிக்னலைத் தாண்ட விடும், திரையில் ஊசி மாதிரி ஒரு கோடு எழும்பும். 20-லிருந்து 40 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் தேடினால் ஒன்றும் தெரியாது. கருவி 101 புள்ளிகளில்தான் தொட்டுப் பார்க்கிறது, புள்ளிக்குப் புள்ளி 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. சில கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஊசி அந்தச் சந்தில் நழுவிவிடும். அதனால் ஆசிலேட்டரில் தோராயமாக எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, விஎன்ஏவில் அந்த இடத்தை மட்டும் 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் விரிக்க வேண்டும். அப்போது ஊசி எழும்புகிற அழகை நீ பார்க்கணும் சுந்தரம். நாற்பது வருஷத்துக்கு மேல் தகர டப்பாவில் கிடந்த சில்லு, நேற்று வெட்டியது மாதிரி தன் எண்ணில் நிற்கிறது!

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

டப்பாவின் ஓரத்தில் ஒரு ஜோடி தனியாகக் காகிதத்தில் சுற்றியிருந்தது. இரண்டிலும் மஞ்சள் உறை. உறை காய்ந்து, நகத்தால் தொட்டதும் ஓடு மாதிரிக் கழன்றது. உள்ளே தகரத்தில் எழுத்து இல்லை, ஏதோ சுரண்டிய தடம் மட்டும். ஒன்று 26.640 காட்டியது. கழித்ததைக் கூட்டினால் 27.095. இன்னொன்று நேராகவே 27.095. இரண்டும் ஆரஞ்சு. யாரோ மஞ்சள் உறை மாட்டியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மாறியிருந்தால் பிரச்சினையே இல்லை. வீட்டில் சுவிட்சைப் போட்டதும் சுக்கானை அசைக்கிற சர்வோ அசையாது, பிடிபட்டுவிடும். ஜோடியாக மாறியிருந்தால் யாருக்கும் தெரியாது. ரேஞ்ச் சோதனையிலும் தேறிவிடும். உரிமையாளர், இந்த நிறம் இப்போது என்னிடம் என்று காட்டும் மஞ்சள் பெக்கை எடுத்துக் குத்திக்கொள்வார், மஞ்சள் ரிப்பனைக் கட்டுவார், சுவிட்சைப் போடுவார். அந்த நொடியில் ஆரஞ்சில் பறந்துகொண்டிருப்பவனின் விமானம் அவன் கையை விட்டுப் போகும்.

1980-ல் நீ எழுதிய கடிதம் என்னிடம் இன்னும் இருக்கிறது. உன் முதல் விமானம் விழுந்த கடிதம். ஆரஞ்சில் பறக்கவிட்டாய், மேலே வளைந்து திரும்பும்போது சொன்ன பேச்சுக் கேட்காமல் மூக்கைக் குத்தியது, வாக்கி-டாக்கி மாதிரி சிபி ரேடியோவில் யாரோ கள்ளத்தனமாகப் பேசியதில் போயிற்று என்று பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தாய். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சிபி ரேடியோ உங்கள் பிரிட்டனில் சட்டத்துக்குள் வந்ததே 1981 நவம்பரில்தான், அதற்கு முன்னால் கள்ளத்தனமாகப் பேசியவர்கள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸில்தான். உன் 27.095 இருந்ததே அவர்களுடைய 27.085-க்கும் 27.105-க்கும் நடுச்சந்தில். பக்கத்துச் சாலையில் ஒரு லாரிக்காரன் பேசியிருந்தாலே போதும்.

ஆனாலும் இந்த ஜோடியைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. கிழவரைக் குறை சொல்ல எழுதவில்லை. விழுந்த இறக்கையை ஒட்ட ராத்திரி முழுக்க உன்னோடு உட்கார்ந்தவர் அவர்தான் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. அவர் கையால் மாற்றிய உறையா, அவருக்கு விற்றவன் மாட்டியதா, யார் கண்டது? அவர் இப்போது இருந்தால்கூட இதைக் கேட்கச் சொல்ல மாட்டேன். உன்னிடம் மறைக்கவும் எனக்கு முடியாது.

மற்றதெல்லாம் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறத்தோடு உண்மையான அதிர்வெண்ணையும் சேர்த்து எழுதி ஒட்டிவிட்டேன். அந்த ஜோடிக்கு ஆரஞ்சு உறை மாட்டியாயிற்று. "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் போடு" என்று நீ சொல்வது தெரியும். புது விமானத்துக்குப் போட்டுக்கொள், நல்லதுதான், இந்தக் குழப்பமே அதில் கிடையாது. பழைய கிளைடருக்கு அதனுடைய ரிசீவர்தான். பொங்கலுக்கு வரும்போது அந்த டிரான்ஸ்மிட்டரை எடுத்து வா. பேட்டரியை அங்கேயே கழற்றிவிடு, கசிந்து பலகையைத் தின்றிருக்கும். செருகியிருக்கும் கிரிஸ்டலை மட்டும் தொடாதே, அதையும் அளக்க வேண்டும்.

அதற்கு முன்னால் யோசித்து ஒரு வரி எழுது. உன் விமானம் மூக்கைக் குத்தியபோது அவர் எங்கே நின்றார்? அப்போதுதான் சுவிட்சைப் போட்டாரா?

உன்,
வெங்கட்டு