அந்த இருபது விநாடி

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள மாப்ளே,

முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாசலில் மறுபடியும் புள்ளிக்கோலம்.

போன ஞாயிறு பேரன் டிவியில் ஏதோ இங்கிலீஷ் படம் போட்டான். முதலில் அந்த டிரம் உருட்டல், உடனே டிரம்பெட். சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து நின்றுவிட்டேன். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படக் கம்பெனியின் தொடக்க இசை! பஸ் பிடித்துப் பாண்டிக்குப் போய் இங்கிலீஷ் படம் பார்ப்போமே, நினைவிருக்கிறதா? டிரம் கேட்டதும் முன் சீட்டு முதுகில் இரண்டு விரலால் தட்டுவாய். முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். ஒருநாள் பஸ் தாமதமாகி அது போய்விட்டதென்று இடைவேளை வரை நீ என்னோடு பேசவில்லை.

அதை எழுதியவர் ஆல்ஃபிரெட் நியூமேன். 1933-இல் எழுதும்போது கம்பெனியின் பெயரில் ஃபாக்ஸே இல்லை. ட்வென்டியத் செஞ்சுரி பிக்சர்ஸ் என்ற புதுக் கம்பெனிக்காக எழுதினார். இரண்டு வருடத்தில் அது ஃபாக்ஸ் என்ற இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. இசையும் கூடவே போனது. பிறகு சினிமாஸ்கோப் வந்து திரை அகலமானது. அந்தப் பெயரையும் திரையில் காட்ட வேண்டுமே, அதற்காக இசையை நீட்டினார். டிரம்பெட் ஓய்ந்ததும் வயலின்கள் எழுந்து வருகிறதே, உனக்குப் பிடித்த இடம், அது அப்போது சேர்த்ததுதான்.

நடுவில் அதை மறந்தே போனார்கள். 1977-இல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் விரும்பிக் கேட்டு முன்னால் வைத்தார். அந்தப் படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் தன் தொடக்க இசையையும் அதே பி ஃப்ளாட் சுருதியில் அமைத்தார். அதனால்தான் ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. ஒன்பது ஆஸ்கர் வாங்கிய நியூமேன் அதைக் கேட்க இல்லை, 1970-லேயே போய்விட்டார். ஆனால் 1997-இல் அந்த ஃபாக்ஸ் இசையைப் புதிதாகப் பதிவு செய்தது அவர் மகன் டேவிட். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

நம்மூர் மல்லாரியும் இதுதானேடா? பாட்டு வரி கிடையாது. சுவாமி புறப்படும்போது தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து எழும். தெருவே எழுந்து நிற்கும். அப்பா வாசித்ததை மகன் வாசிப்பதும் அங்கே உண்டு.

வைகாசித் தேருக்கு வந்துவிடு. பாடலீஸ்வரர் கோயில் வாசலில் முன்னதாகவே போய் நிற்போம், இந்த முறை தாமதமாக விடமாட்டேன்.

உன்
பழைய பக்கத்து சீட்டுக்காரன்