ஊதிய ஒப்பந்தத்தின் செலவைப் பட்ஜெட்டில் எழுதுங்கள்: நிதித்துறைக்கும் போக்குவரத்துத் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு நிதித்துறை அமைச்சர் அவர்களுக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு நடத்துநரின் மகள். புது ஒப்பந்தம் கையெழுத்தானால் அப்பா அதன் நகலைப் பணிமனையிலிருந்து வாங்கிவந்து கூடத்தில் விரித்துவைத்துக்கொண்டு உட்காருவார். புது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அரியர் எவ்வளவு என்று பென்சிலால் கணக்குப் போடுவார். எல்லாம் போட்டு முடித்த பிறகு, “கையில எப்ப வரும்னுதான் தெரியல” என்பார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய். சம்பளத்துக்குச் சுமார் 90 ஆயிரம் கோடி, ஓய்வூதியத்துக்குச் சுமார் 41 ஆயிரம் கோடி. அரசு ஊழியர் செலவு என்று பேச்சு வந்தாலே எல்லாரும் இந்த இரண்டு எண்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எட்டுப் போக்குவரத்துக் கழகங்களின் ஓட்டுநர், நடத்துநர், தொழில்நுட்பப் பணியாளர் யாரும் இந்த எண்களுக்குள் இல்லை. 1972இலிருந்து இந்தக் கழகங்கள் கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்கள். அங்கே ஊதியம், தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் போடும் ஒப்பந்தத்தில் முடிவாகிவந்தது. பேச்சுவார்த்தையில் உட்காருவது போக்குவரத்துத் துறை அமைச்சர், பணம் வரவேண்டியது கோட்டையிலிருந்து. ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கென்று பட்ஜெட்டில் ஒரு தனி ஒதுக்கீடுகூடக் கிடையாது.

அந்தப் பட்ஜெட்டில் இருந்தவை வேறு ஒதுக்கீடுகள். மகளிர் கட்டணமில்லா விடியல் பயணத்துக்கு 3,600 கோடி, மாணவர் பயணச் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியம் 1,857 கோடி. விடியல் பயணத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுவேலைக்குப் போகும் அக்காக்களின் மாதச் செலவை அது எவ்வளவு குறைத்தது என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் முதல் இரண்டும் டிக்கெட் பணத்துக்கு ஈடாகக் கொடுப்பவை. அந்த டிக்கெட்டின் விலை 2018 ஜனவரியில் வைத்தது. அப்போது சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 65 ரூபாய் சுமாருக்கு விற்றது, பிறகு 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஓடும் செலவுக்கே கட்டாத கட்டணத்தை அரசு அப்படியே ஈடுசெய்தாலும் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும். ஒரு பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்று மாநில நிதிநிலை பற்றி அரசு வெளியிட்ட 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கை சொன்னது. பொதுமுடக்கக் காலத்தில் வந்த அறிக்கை என்பதால் அந்த எண் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். பள்ளம் இருப்பதை யாரும் மறுக்கவில்லை.

அந்தப் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புகிறார்கள்? பாதியைக் கடனால் என்றால், மீதியைக் காலதாமதத்தால். 13ஆவது ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டும். கையெழுத்தானது 2018 ஜனவரியில், அதுவும் வேலைநிறுத்தத்துக்கு நடுவில். 14ஆவது 2019 செப்டம்பரில் வரவேண்டியது, 2022 ஆகஸ்டில் வந்தது. 15ஆவது 2023 செப்டம்பருக்கு உரியது, 2025 மே மாதம் முடிந்தது. அதில் 6 விழுக்காடு உயர்வு. ஆனால் நிலுவையை 2024 செப்டம்பரிலிருந்துதான் கணக்கிட்டார்கள். 40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் உள்ள ஒருவருக்கு 6 விழுக்காடு என்றால் மாதம் 2,400 ரூபாய். முதல் ஓராண்டு நிலுவை இல்லாமல் போனதில் அவருக்கு 28,800 ரூபாய், பஞ்சப்படியைச் சேர்க்காமலேயே, கிடைக்கவில்லை. இதுவும் அரசுக்கு ஒரு நிதி ஆதாரம்தான். எந்த ஆவணத்திலும் அந்தப் பெயரில் எழுதப்படவில்லை, அவ்வளவே.

ஓய்வு பெற்றவர்களின் நிலை இன்னும் மோசம். 2015 நவம்பரிலிருந்து அவர்களுடைய பஞ்சப்படி உயர்வு நின்றுபோனது. 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தின்போது அது 96 மாதப் பாக்கியாகியிருந்தது. அதே காலத்தில் தலைமைச் செயலகத்தில் ஓய்வு பெற்றவருக்கு, கொரோனாக் கால நிறுத்தத்தைத் தவிர, அந்தப் படி உயர்ந்துகொண்டே வந்தது, ஏனென்றால் அவர் பெயர் பட்ஜெட்டின் ஓய்வூதியக் கணக்குக்குள் இருந்தது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர் மருந்துக்கடையில் சீட்டை நீட்டி, “பாதி மாத்திரை மட்டும் குடுப்பா” என்று கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். நீதிமன்றம் போய், பந்தலில் உட்கார்ந்து, மறியல் செய்து வாங்க வேண்டியதா அந்தப் பணம்?

தொழிற்சங்கத் தலைவர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 2018இல் பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்குவதா 2.44 மடங்காக்குவதா என்று போராடினீர்கள், அது நியாயமான போராட்டம். ஆனால் விழுக்காட்டுக்கு மல்லுக்கட்டிய அளவுக்கு, அந்த விழுக்காட்டுக்கான பணம் எந்த ஆண்டு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எழுதிக்கேட்டு நீங்கள் நின்றதை நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடும் மேடையிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அமைச்சர் அவர்களே, 2003இன் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பட்ஜெட்டோடும் இடைக்கால நிதித் திட்டத்தை, அதாவது அடுத்த சில ஆண்டுகளுக்கான வரவுசெலவு மதிப்பீட்டை, பேரவையில் வைக்கிறீர்கள். அதில் போக்குவரத்துக் கழகங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடப்பு ஒப்பந்தம் ஆண்டுக்கு எவ்வளவு செலவு, அதில் கட்டண வருவாய் எவ்வளவு தாங்கும், அரசு எவ்வளவு தரும், ஓய்வு பெற்றோருக்கான பஞ்சப்படியும் பணிக்கொடையும் எவ்வளவு பாக்கி, தொழிலாளியிடம் பிடித்த சேமநல நிதியும் கூட்டுறவுச் சொசைட்டிக் கடன் தவணையும் உரிய இடத்தில் கட்டப்பட்டதா என்று அதில் இருக்கட்டும். ஒப்பந்தம் தாமதமானால், தாமதமான மாதங்களுக்கான தொகையும் பொறுப்பாக அதே பக்கத்தில் ஏறட்டும். கட்டணத்தை உயர்த்தாமலிருப்பது அரசின் கொள்கை முடிவு. அதன் செலவை நடத்துநர் வீட்டுக் கூடத்துக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு எல்லாரும் உட்காரும் நாளில், கோரிக்கை மனுவுக்கு முன்னால் அந்தப் பக்கம் மேசைக்கு வரட்டும். அப்பாவுக்கும் ஒரு நகல் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவரின் மகள்