டிஸ்சார்ஜ் சம்மரி கேட்காதீர்கள்

ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் சித்திக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். தெரியவந்தபோதே மூன்றாம் கட்டம். ரேடியேஷன், கீமோ எல்லாவற்றுக்கும் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் 41 வயதில் முதல் தடவையாக நான் பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்துக்கொண்டேன், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பில்லை அதே நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை ஏற்றாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "அட்மிட் ஆனீங்களா மேடம்?" என்றார் அந்தப் பெண். இல்லை என்றேன். "அப்போ கிளைம் வராது மேடம்." பாவம், அவரை என்ன சொல்வது, அவருக்குக் கொடுத்த விதி அது.

அந்த விதியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். வெறும் பரிசோதனைக்காக ஒருத்தி அட்மிட் ஆனாலும் செலவு கிடையாது என்று நீங்கள் வகுத்த பொது விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. மற்ற நோய்களுக்கு இது பொருந்தலாம், இந்த நோய்க்குப் பொருந்தாது. இதை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸ் கிருமி தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் பரிசோதித்துப் பார்த்தால் முன்கூட்டியே பிடித்துவிட வாய்ப்பு அதிகம், அந்த நிலையில் சிகிச்சையும் அன்றைக்கே முடித்து வீட்டுக்கு அனுப்புகிற மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும்.

இது வெளிநாட்டுக் கதை இல்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவைதான். அதிலேயே இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இவ்வளவு தெரிந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டிலேயே பத்துக்குள்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்களே என்பீர்கள். பார்க்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறவளுக்கு நீங்கள் ஒழுங்குபடுத்துகிற நிறுவனம் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் பாலிசியில் ஆண்டுப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி. கருப்பை வாயும் மார்பும் அந்தப் பட்டியலில் இல்லை. பரிசோதனைச் செலவுக்கு வருமான வரியில் 5,000 ரூபாய் கழிவு உண்டே என்றால், அது பழைய வரி முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். எங்கள் அம்மா மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் என்ன? "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்குடி காசைக் கொட்டணும்" என்று கேட்கிறவரைக் காசு கேட்காமல் கூப்பிட்டால்தான் வருவார்.

செலவு கூடும் என்று நிறுவனங்கள் சொல்லும். எச்பிவி பரிசோதனையை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும். சித்தியின் மொத்த பில்லில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் எடுத்திருக்கலாம்.

கேட்பது இதுதான்: 30 வயது தாண்டிய பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையும், டாக்டர் சொன்னால் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே), அட்மிட் ஆகாமலேயே, காத்திருப்புக் காலம் இல்லாமல், எல்லா பாலிசியிலும் கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். சித்தி மகளுக்கு வருகிற ஆடியில் 30 முடிகிறது, பாலிசியை மார்ச்சில் புதுப்பிக்கிறாள். அதற்குள் போட்டால் நன்றாக இருக்கும்.