குளிசையை நிறுத்தாதே, சிவா

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். இங்கு எல்லோரும் சுகம். காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன். மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன். நீ எழுதிய ஒரு விஷயம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

எக்கோ என்ற இதய ஸ்கானில், இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலான பெருநாடி வால்வு சுருங்கியிருப்பதாகச் சொன்னார்கள், கொழுப்புக் குளிசை அதற்கு உதவாதாம், அதனால் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்குச் சொன்னவர் பாதியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இத்தனை காலம் பாமசியில் நின்றவன் என்ற உரிமையில் அதை நான் சொல்கிறேன்.

சுருங்கும் வால்வின் இதழ்களில் கொழுப்பும் அழற்சியும் இருப்பதைக் கண்டுதான், ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குளிசை அந்தச் சுருக்கத்தையும் தடுக்கும் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான். ஸ்கொட்லாந்தில் 155 பேருக்குச் செய்த ஆய்வில் அட்டோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 80 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது: சுருக்கம் குறையவில்லை. பிறகு ஐரோப்பாவில் 1873 பேரை வைத்து, சிம்வாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினும் எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்புக் குளிசையும் சேர்த்து, நாலு வருடத்துக்கு மேல் ஆய்வு செய்தார்கள். கெட்ட கொழுப்பு பாதிக்கு மேல் இறங்கியும் வால்வு தன் பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்துக்குப் பிறகு வால்வில் உள்ள கலங்கள் எலும்புக் கலங்கள் போல நடந்து சுண்ணாம்பைப் படிய விடுகின்றன. அந்த வேலை கொழுப்பைக் குறைத்தாலும் நிற்பதில்லை.

ஆனால் 2008இல் வந்த அதே ஐரோப்பிய ஆய்வில், குளிசை எடுத்தவர்களில் இதய இரத்தக் குழாய் அடைப்புக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர்கள் குறைவு. உனக்குப் பதில் அதில்தான் இருக்கிறது, சிவா. உனக்கு நீரிழிவு. உன் அண்ணருக்கு மாரடைப்பு வந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். அந்தக் குளிசை உன் இதயத்தின் இரத்தக் குழாய்களுக்கு. வால்வுக்கு உதவவில்லை என்பதற்காக அதைத் தூக்கி எறியலாமா? உன் வைத்தியரிடம் கதைத்து, திரும்பத் தொடங்கு.

வால்வுக்கு மருந்து இன்னும் வரவில்லை. முற்றினால் மாற்றத்தான் வேண்டும். முன்பு நெஞ்சைத் திறந்துதான் செய்தார்கள். 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே என்ற வைத்தியர் நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டு முதன்முதலாகப் புது வால்வு பொருத்தினார். அந்த முறை இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. எது யாருக்குப் பொருத்தம் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. படியேறினால் மூச்சு வாங்குது, வயசு போகுதுதானே என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. வால்வு சுருங்கியவருக்கு மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, மயக்கம் இந்த மூன்றில் எது வந்தாலும் வயதின் மேல் பழி போடக் கூடாது. சுருக்கம் கடுமையாக இருந்து அறிகுறியும் தொடங்கிவிட்டால், வால்வை மாற்றாமல் காலம் கடத்துவது உயிருக்கு ஆபத்து. இந்தக் கிழமையே போய் உன் நிபுணரிடம் இதைச் சொல்லு.

எக்கோ ரிப்போட்டில் வால்வின் பரப்பும் இரத்தம் பாயும் வேகமும் இருக்கும். பரப்பு சாதாரணமாக 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர். 1க்குக் கீழே போனாலோ, வேகம் செக்கனுக்கு 4 மீற்றரைத் தொட்டாலோ கடுமை என்பார்கள். ரிப்போட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கொழும்பில் காட்ட வேண்டி வந்தால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வா, முன் அறை உங்களுக்குத்தான்.

அன்புடன்,
யோகன்